இலக்கிய விமர்சனமும் விடுதலை அரசியலும்

(வலிகாமத்தில் நடைபெற்ற வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்ததை இங்குள்ள முதியோர் சிலர் நேரிற் கண்டிருப்பீர்கள், ஏனையோர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒடுக்கப்பட்ட மக்கள், தாமும் உள்ளே சென்று கும்பிட வேண்டுமென்று அவ்வாசலில் வந்து நின்றனர். அவர்களை உள்ளே விடலாகாதென்று எதிரே நின்றவர்களுள் முதன்மையானவர், முன்னாட் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம் அவர்கள். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவர்மீது தொடரப்பட்ட வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. இதே சுந்தரலிங்கம் அவர்கள்தாம், தமிழருக்குத் தனிநாடு வேண்டுமென்று இந்நாட்டில் முதன்முதல் வெளிப்படையாகக் குரல் எழுப்பியோருள் ஒருவர். தமிழருக்கு நாடு கேட்டவர் தமிழருக்குக் கோயிற் கதவைத் திறக்க மறுத்தார்.

இந்த முரண்பாட்டை அக்காலத்து அரசியல் மேடைகளில் எடுத்துப் பேசியோர் மிகச் சிலர். ஆயின், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு துறையில் அதைப் பற்றிய வாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. அத்துறை இலக்கிய விமர்சனம். கதையையும் கவிதையையும் பற்றி எழுதியவர்கள், அரசியல்வாதிகள் தொடத் தயங்கியதை ஏன் தொட்டார்கள்? தொட்டதனால் யாது பயன் விளைந்தது? எங்கே அவர்கள் வழி தவறினார்கள்? இவற்றைப் பேசவே இன்று வந்திருக்கிறோம். வங்கிக் கடனும் விளைபொருள் விலையும் பேசப்பட வேண்டிய மண்டபத்தில் விமர்சனம் எதற்கு என்று எண்ணாதீர்கள். கிணற்றுக்கும் கோயிலுக்கும் காணிக்கும் இந்த வாதத்தோடு நேரான தொடர்பு உண்டு.

கதைகளைப் பற்றிப் பேசியமை இராசத் துரோகமாகக் கொள்ளப்பட்ட நாடுகளும் இருந்தன. உருசிய எழுத்தாளர் கோகோல் தமது இறுதிக் காலத்தில் மன்னராட்சியையும் பண்ணையடிமை முறையையும் ஆதரித்து ஒரு நூல் வெளியிட்டார். அவரை முன்னர் வானளாவப் புகழ்ந்த விமர்சகர் பெலின்ஸ்கி, அந்நூலைக் கண்டித்து 1847 இல் அவருக்கே ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதம் அச்சேறவில்லை; கைப்படிகளாகவே பரவியது. 1848 இல் பெலின்ஸ்கி நோயால் இறந்தார். மறு ஆண்டு, அக்கடிதத்தை நண்பர் கூட்டத்தில் வாசித்தார் என்பது முக்கிய குற்றச்சாட்டுகளுள் ஒன்றாக, தொஸ்தோயெவ்ஸ்கி என்னும் இளம் எழுத்தாளருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கொலைக்களத்தில் நிறுத்திய பின்னரே தண்டனையைக் குறைத்துச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அரசியற் கட்சி நடத்த உரிமை இல்லை. கூட்டம் கூட்ட உரிமை இல்லை. எஞ்சியிருந்தது கதை விமர்சனம் ஒன்றே. ஆகவே நாட்டின் அரசியல் முழுவதும் அவ்வொடுங்கிய வாசலுக்குள் புகுந்தது.

இலங்கையில் 1950களில் அத்தகைய தடை இருக்கவில்லை. கட்சிகள் இருந்தன, தேர்தல் இருந்தது, பத்திரிகைகள் பல இருந்தன. அவ்வாறாயின் சாதிக் கொடுமை பற்றிய வாதம் கதை விமர்சனத்துக்குள் ஏன் புகுந்தது? எமது விடை இது: வாக்குப் பெற வேண்டிய கட்சி, காணியுள்ளோரையும் கோயில் நிருவாகத்தையும் பகைக்க அஞ்சியது. தமிழரசுக் கட்சி தனது மாநாடுகளில் தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானங்கள் நிறைவேற்றியது உண்மை. அத்தீர்மானங்கள் மனப்பூர்வமானவை என்பதையும் நாம் ஐயுறவில்லை. ஆனால் மாவிட்டபுர வாசலில் அக்கட்சி ஒரு கட்சியாக வந்து முன்னிற்கவில்லை. மேடையில் ஒற்றுமைக்கு ஊறு வருமென்று ஒதுக்கி வைக்கப்பட்ட வினா, சிறுகதையின் வழியாகத் திரும்பி வந்தது.

1954 இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. 1959 இல் க. கைலாசபதி தினகரன் ஆசிரியரானார். தமிழகத்துச் சஞ்சிகைகளின் நிழலில் எழுதிக்கொண்டிருந்த எமது எழுத்தாளருக்கு அப்பத்திரிகையில் இடம் கிடைத்தது. இந்நாட்டு மண்ணையும் இந்நாட்டு மக்களின் பேச்சையும் எழுதுங்கள் என்ற கோரிக்கை, தேசிய இலக்கியம் என்ற பெயரோடு எழுந்தது. அதைத் தொடர்ந்து வந்ததே 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபு பற்றிய போர்.

அப்போரை இன்று பலர் பண்டிதருக்கும் இளைஞருக்கும் நடந்த இலக்கணச் சண்டை என்றே நினைக்கின்றனர். அது அத்துணை எளிய சங்கதியன்று. சங்க எழுத்தாளர்கள் தமது கதைகளில் துலா மிதித்தவனையும், வாய்க்காலில் தண்ணீர் மாறியவனையும், கள் இறக்கியவனையும், முடி திருத்தியவனையும் அவரவர் பேச்சிலேயே பேசவிட்டனர். மரபுவழி அறிஞர் சிலர் அதை இழிசனர் வழக்கு என்றனர். வழக்கு என்பது உயர்ந்தோரையே சாரும் என்ற தொல்காப்பிய மரபை ஆதாரமாக்கினர். அப்பெரியோரின் தமிழறிவை நாம் குறைத்துப் பேசமாட்டோம். அவர்கள் காத்துத் தந்த ஏடுகளாலேயே நாம் இன்று தமிழ் படிக்கிறோம். ஆயினும் அவர்கள் சொன்னதன் பொருளை ஒரு சட்டத்தரணியின் கண்ணால் நோக்குங்கள்.

ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றத்தில் எமது கமக்காரன் சாட்சிக் கூண்டில் ஏறித் தன் பேச்சிலே தனக்கு நேர்ந்ததைச் சொல்வான். மொழிபெயர்ப்பு முதலியார் அதை ஆங்கிலத்தில் ஆக்குவார். நீதிபதி அந்த ஆங்கிலத்தைத்தான் பதிவார். அவன் அழுததும், தயங்கியதும், ஒரு சொல்லை விழுங்கியதும் அப்பதிவில் இரா. எத்தனையோ காணி வழக்குகள் இவ்வாறு ஒரு சொல்லின் பிறழ்ச்சியால் தோற்றிருக்கும் என்பதை வழக்காடுவோர் அறிவர். ஆயினும் அந்த நீதிமன்றமுங்கூட, நீ இழிந்த பேச்சுப் பேசுகிறாய், ஆதலால் சாட்சி சொல்லத் தகுதியற்றவன் என்று எவரையும் கூண்டிலிருந்து இறக்கவில்லை. எமது 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் அப்படியொரு விதி இல்லை. இலக்கியத்துக்கு மட்டும் அவ்விதியைச் செய்ய முற்பட்டார்கள். ஒருவனுடைய பேச்சு எழுத்தில் ஏறத் தகாதது என்றால், அவனுக்கு நேர்ந்தது எழுத்தில் ஏறத் தகாதது என்பதே அதன் பயன். கதை கோயிலாகிவிட்டது, அதற்கும் ஒரு வெளிவீதி வகுக்கப்பட்டது.

இதை உணர்ந்தமையாலேயே அன்றைய விமர்சகர்கள் அத்துணைச் சினங் கொண்டனர். சினம் எல்லை மீறியதும் உண்டு. 1963 இல் யாழ்ப்பாணத்தில் நடந்த சாகித்திய விழாவொன்றில் கூழ்முட்டை எறியப்பட்டது. அதை வீரச் செயலாக இன்றும் சொல்லி மகிழ்வோர் இருக்கின்றனர். முட்டை எறிந்து எந்த வழக்கும் வெல்லப்பட்டதில்லை என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்கிறோம்.

வழக்கை வென்றவை நூல்கள். யாழ்ப்பாண நகரில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற சிறுகதைத் தொகுதிக்கு 1961 இல் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' 1965 இல் வந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வந்தது. ஒரு தலைமுறைக்கு முன் இவர்களை வீட்டு விறாந்தையில் ஏறவிடாத ஊர், இவர்களுடைய நூல்களை வாசிகசாலை மேசையில் வைக்க நேர்ந்தது.

ஆயினும் நூல்கள் கதவுகளைத் திறந்தன என்று நாம் சொல்லத் துணியோம். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம். சாதி காரணமாக ஒருவரைக் கோயிலிலோ, உணவுச்சாலையிலோ, பொதுக் கிணற்றிலோ தடுப்பது குற்றமென்று அது கூறிற்று. கூறி ஒன்பது ஆண்டுகள் சென்ற பின்னரும் தேநீர்க் கடைகளில் சிலருக்குப் புறம்பான பாத்திரமே இருந்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடிக்கு உள்ளாயிற்று. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அமைந்தது. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் நெல்லியடியிலும் அடியும் வெட்டும் பட்டவர்களே கதவைத் திறந்தார்கள். சட்டப் புத்தகத்தால் ஆகாததும் கதைப் புத்தகத்தால் ஆகாததும் அவர்கள் உடம்பால் ஆயிற்று.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் அந்த டானியல். தமது பேச்சு எழுதத் தக்கது, தமது வாழ்வு கதையாகத் தக்கது என்று பத்தாண்டுகளாக வாதிட்ட ஒரு கூட்டத்தாரின் நடுவே வளர்ந்தவர் அவர். தடியடிக்கு முன் நிற்பவனுக்குத் தான் நிற்பது நீதி என்ற தெளிவு வேண்டும். அத்தெளிவை உண்டாக்குவதில் விமர்சனத்துக்கு ஒரு பங்கு உண்டு. அப்பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல எவராலும் இயலாது. இல்லையென்று சொல்லவும் இயலாது.

இனி, மறுபக்கம். நட்பின் காரணமாக இதை மறைத்தல் தகாது.

1964 இல் கம்யூனிஸ்டுக் கட்சி இரண்டாகப் பிளந்தது. டானியலும் கைலாசபதியும் சண்முகதாசன் தலைமை தாங்கிய பீக்கிங் சார்பிற் சென்றனர். ஜீவாவும் பிரேம்ஜியும் சிவத்தம்பியும் மொஸ்கோ சார்பில் நின்றனர். கட்சியின் பிளவு சங்கத்தின் பிளவாயிற்று. அதற்கு முன்னரே, சங்கத்தோடு நின்ற எஸ். பொன்னுத்துரை பிரிந்து போய், முற்போக்குக்கு மாறாக நற்போக்கு என்ற பெயரை எழுப்பினார். 'தீ'யையும் 'சடங்கு'வையும் எழுதிய அக்கையின் ஆற்றலை எவரும் மறுத்தற்கில்லை. ஆனால் பிரிவுக்குப் பின் அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றிலும், அவர் பிறரைப் பற்றி எழுதியவற்றிலும், நூலைப் பற்றிய செய்தி குறைவு. ஆளைப் பற்றிய செய்தி அதிகம். பெயரைப் பார்த்து மதிப்பிடும் பழக்கம் இரு பக்கத்திலும் வேரூன்றியது.

இதனால் மிகப் பெரிய அநியாயம் அடைந்தவர் கவிஞர் மஹாகவி என்பது எமது எண்ணம். 'கோடை'யும் 'ஒரு சாதாரண மனிதனது சரித்திர'மும் எழுதியவர் அவர். பேச்சோசையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்தவர்; யாழ்ப்பாணத்துக் கிராமத்துச் சாதாரண மனிதனைப் பாட்டுடைத் தலைவன் ஆக்கியவர். மண்வாசனையும் மக்கள் மொழியும் கேட்ட விமர்சகர்களுக்கு இவரினும் சிறந்த சாட்சி கிடைத்திருக்க முடியாது. 'தேரும் திங்களும்' என்ற கவிதையில், மனிதன் நிலவைத் தொட்ட காலத்தில் இங்கே ஒருவன் தேர்வடத்தைத் தொட முடியாதிருந்த கொடுமையை வைத்தவரும் அவரே. ஆனால் அவர் கட்சிக்காரர் அல்லர். 1971 இல் அவர் மறையும் வரை, முற்போக்கு விமர்சனத்தின் முதன்மையானோர் அவரைப் பொருட்படுத்தி விரிவாக எழுதவில்லை. இக்குறையை எடுத்துச் சொன்னவர் எம். ஏ. நுஃமான், அவரும் மார்க்சியத்தை ஏற்றவர் என்பது கவனிக்கத் தக்கது. பின்னர் 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்' என்ற நூலில், அரசியற் கருத்தும் கலை மதிப்பும் ஒன்றையொன்று விழுங்காதிருக்க வேண்டிய முறையை அவர் தெளிவாக ஆராய்ந்தார். தம் வீட்டுக் குறையைத் தாமே சொன்ன அந்த நேர்மையை நாம் போற்றுகிறோம்.

நீதிமன்ற வழக்கில் ஒரு முறை உண்டு. முறைப்பாடு செய்யப்படும், சாட்சி விசாரிக்கப்படும், குறுக்கு விசாரணை நடக்கும், பின்னரே தீர்ப்பு வரும். கட்சி விமர்சனம் இம்முறையைத் தலைகீழாக்கிற்று. தீர்ப்பு முதலில் வந்தது. அதற்கேற்ற சாட்சியம் நூலிலிருந்து பொறுக்கப்பட்டது. சோவியத்து நாட்டில் 1946 இல் கட்சியே தீர்மானம் நிறைவேற்றிக் கவிஞர் அக்மதோவாவையும் எழுத்தாளர் சோஷெங்கோவையும் எழுத்தாளர் சங்கத்திலிருந்து விலக்கச் செய்தது. பெலின்ஸ்கியின் நாட்டிலேயே, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே அது நடந்தது. எமது விமர்சகர்களுக்கு அத்தகைய அதிகாரம் கிடைக்கவில்லை. அது எமது எழுத்தாளர்களின் நற்பேறு.

தீர்ப்பை முன்வைக்கும் இவ்வழக்கம் எதிரிக்கு மட்டும் கேடு செய்வதன்று. நண்பனுக்கும் கேடு செய்யும். டானியலையே பாருங்கள். எதிரணியினர் அவரைப் பிரசாரக்காரன் என்று ஒதுக்கினர். நண்பர்கள் அவர் எடுத்த பொருளுக்காகவே பாராட்டினர். 'பஞ்சம'ரின் எந்தப் பகுதி நெஞ்சைப் பிளக்கிறது, எந்தப் பகுதி கூட்டப் பேச்சாகித் தளர்கிறது என்று அவர் அருகில் இருந்து சொன்னவர் எத்தனை பேர்? பின்னாளில் தமிழகத்திலே தலித் இலக்கியம் எழுந்தபோது டானியலை அதன் முன்னோடியாகக் கொண்டாடினார்கள். 1986 இல் தஞ்சாவூரில் இறந்து அங்கேயே அடங்கிய அவருக்கு, உயிரோடிருந்த காலத்தில் வேண்டியிருந்தது நேர்மையான குறுக்கு விசாரணை. இரு தரப்பாரும் அதை அவருக்கு மறுத்தனர்.

இவ்விடத்தில் புங்குடுதீவு மு. தளையசிங்கம் அவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

1956 முதல் 1963 வரையான காலத்து எழுத்தை ஆராய்ந்து 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' என்ற கட்டுரைத் தொடரை அவர் எழுதினார். முற்போக்கு விமர்சகர்களை அவர் விமர்சித்ததைப்போல் வேறெவரும் விமர்சிக்கவில்லை. பொருளாதாரத்தால் மனிதனை முழுவதும் அளந்துவிடலாம் என்பதை அவர் ஏற்கவில்லை. ஆன்மிகத்தைச் சமூகப் புரட்சியோடு சேர்க்க வேண்டுமென்றார். 'போர்ப்பறை', 'மெய்யுள்' முதலிய அவருடைய நூல்களைப் படித்து, இது தெளிவற்ற கனவு என்று சொல்வோர் உண்டு. எமக்கும் அவற்றிற் சில பகுதிகள் விளங்குவதில்லை. கட்சி விமர்சனத்தின் அளவுகோலால் அளந்தால் அவர் பிற்போக்காளர்.

அந்தப் பிற்போக்காளர் 1971 இல் என்ன செய்தார்? புங்குடுதீவு நீர் அருமையான தீவு. அங்கே நன்னீர்க் கிணறொன்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே நீர் அள்ள விடப்படவில்லை. குடத்தை வைத்துக்கொண்டு, உயர்ந்தோர் எனப்பட்டவர் யாராவது வந்து அள்ளி ஊற்றுமளவும் காத்திருத்தல் எத்தகையது என்பதை, பங்குக் கிணற்றில் இறைப்பு முறைக்காக அரைநாள் காத்திருந்து மனம் நொந்த கமக்காரர் எண்ணிப் பார்க்கலாம். தளையசிங்கம் அம்மக்களோடு சேர்ந்து அக்கிணற்றடியில் சத்தியாக்கிரகம் செய்தார். பொலிசாரால் கைதுசெய்யப்பட்டு அடிக்கப்பட்டார். உடல்நலம் குன்றியது. 1973 இல் மறைந்தபோது அவருக்கு நாற்பது வயதும் நிரம்பவில்லை.

டானியல் ஒரு வாசலில். தளையசிங்கம் ஒரு கிணற்றடியில். ஒருவர் மற்றவரின் தத்துவத்தை ஏற்காதவர். இருவரும் தமது எழுத்து எங்கே கொண்டுபோய் விட்டதோ அங்கே போய் நின்றனர். அரசியல் அமைப்பாளராகிய எமக்கு இது பெரும் பாடம் புகட்டுகிறது. எவன் எந்தப் பக்கம் என்று அட்டவணை எழுதி வைத்திருப்போர், கிணற்றடியில் தம்மோடு வந்து நிற்கப்போகின்றவனை அவ்வட்டவணையைக் கொண்டு அறிய முடியாது.

முற்போக்கு விமர்சனம் இடறிய இன்னோரிடம் தமிழரின் தேசியப் பிரச்சினை. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம். 1958 இல் கலவரம். 1961 இல் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம். அந்த ஆண்டுகளிலேயே எமது விமர்சகர்கள் இலங்கைத் தேசியம், தேசிய இலக்கியம் என்று பேசினர். தமிழகத்தின் நிழலிலிருந்து வெளியேறுதற்கு அக்கோரிக்கை உதவியது. அதை நாம் மறக்கவில்லை. சங்கத்தார் தமிழ் மொழியின் உரிமைக்காகக் குரல் கொடுத்ததும் உண்டு. ஆயினும், ஒரு கதையை வருக்கத்தாலும் சாதியாலும் அளந்த விமர்சனம், இனத்தால் நேர்ந்த ஒடுக்குமுறையை அளக்கக் கோலின்றி நின்றது. காரணம், அவர்கள் நம்பிய இடதுசாரித் தலைமை அந்நேரம் வேறு திசையில் நடந்துகொண்டிருந்தது. 1956 இல் ஒரு மொழிச் சட்டம் நாட்டை இரண்டாக்கும் என்று பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1972 இல் சிங்களத்தை அரசியலமைப்பிலேயே ஏற்றிப் பௌத்தத்துக்கு முதன்மையிடம் தந்த யாப்பை ஆக்கிய அமைச்சரும் அவரே. ஒரு நாவலாசிரியனின் பாத்திரம் இப்படி மாறியிருந்தால், இது எவ்வாறு நேர்ந்தது என்று எமது விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அமைச்சர் மாறியபோது அவர்கள் எழுதியது போதாது.

1975 இல் தோன்றிய 'அலை' சஞ்சிகை இக்குறையைச் சுட்டியது. அ. யேசுராசா முதலிய இளையோர், கலை மதிப்பையும் தமிழரின் அரசியல் உரிமையையும் ஒருங்கே எழுப்பினர். 1982 இல் கைலாசபதி ஐம்பது வயது நிரம்பாமலே மறைந்தார். 1983 ஐ அவர் காணவில்லை. கண்டிருந்தால் தமது அளவுகோலை மாற்றியிருப்பாரா என்று ஊகிப்பது எமது வேலையன்று.

தமிழ்த் தேசிய அரசியலின் பக்கம் வருவோம். இங்கே கூடியிருப்போரிற் பெரும்பாலோர் இப்பக்கத்தவர். ஆதலால் இதைச் சொல்லாது போதல் கோழைத்தனமாகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன் பின்னர் எழுந்த கவிதை புதிது. 1985 இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுதியைப் படித்தோர், அரசியற் கவிதை கலை குன்றாமல் எழுதப்படக்கூடும் என்பதைக் கண்டனர். ஆனால் அதே ஆண்டுகளில் விமர்சனத்தின் மொழியிலே ஒரு சொல் முந்தியது. துரோகி என்பது அச்சொல். முற்போக்காளர் பிற்போக்கு என்று எழுதினர். எழுதப்பட்டவர் கோபித்துக்கொண்டு வேறு சஞ்சிகைக்கு எழுதினார். துரோகி என்று எழுதப்பட்டவருக்கு அந்த வசதி இருக்கவில்லை.

ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கவிஞர் செல்வி 1991 இல் விடுதலைப் புலிகளாற் கொண்டுசெல்லப்பட்டார். 1992 இல் அனைத்துலக எழுத்தாளர் கழகமான பென் அமைப்பின் அமெரிக்கக் கிளை அவருக்கு எழுத்துச் சுதந்திர விருதை வழங்கியபோது அவர் சிறையில்; பின்னர் அவர் மீளவேயில்லை. அரசாங்கத்தின் கொடுமைகளைப் பட்டியலிட்டு இதனைச் சமன்செய்து விடலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். அப்பட்டியல் நீளமானது, அதற்கான நீதியை நாம் நீதிமன்றங்களிலும் ஜெனீவாவிலும் கேட்டுக்கொண்டேயிருக்கிறோம், கேட்போம். ஆயின் அரசாங்கத்திடம் விசாரணை கோருகின்ற ஒரு மக்கட் கூட்டம், தன்னைத் தானே விசாரித்த கவிஞரைப் பொறுக்கமாட்டாது என்றால், அக்கோரிக்கையின் வலு எங்கே நிற்கும்? இது சட்ட வினா. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எம்மிடம் கேட்கத்தான் போகின்றார்.

இன்றைய நிலைக்கு வருகிறோம். 1990 இல் வலிகாமம் வடக்கு முழுவதும் பெயர்ந்தது. மாவிட்டபுரத்தில் உள்ளே நின்றவனும் வெளியே நின்றவனும் ஒரே நாளில் மூட்டை கட்டினர். அந்த இடப்பெயர்வைப் பற்றி எத்தனையோ கதைகளும் கவிதைகளும் வந்துவிட்டன. அவற்றுள் பல நல்லவை. செம்மண் தோட்டமும், கைவிட்ட கிணறும், முற்றத்து மாமரமும் அவற்றிலே திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த ஏக்கத்தை நாம் ஏளனஞ் செய்யவில்லை. காணி விடுவிப்புக்காக மனுவெழுதிக் கொடுத்த கைகள் இவை. ஆயினும் ஒரு விமர்சகன் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக முகாம்களிலே தங்கியவர் யார்? உறவினர் வீடோ, வாங்கக் காணியோ, வெளிநாட்டுப் பணமோ இல்லாதவர். அவர்களுட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களிற் பலருக்குத் திரும்பிப் போவதற்கு உறுதிக் காணியே இருக்கவில்லை. பிறர் காணியிற் குடியிருந்தவர்கள். காணி விடுவிக்கப்பட்டாலும் அவர்களுக்கு விடுவிக்கப்படுவது யாதுமில்லை. அவர்களுடைய கதைகளில் எத்தனை எமது வாசிகசாலைகளில் இருக்கின்றன? எத்தனைக்கு எமது பத்திரிகைகள் மதிப்புரை எழுதின?

இவ்வினாவைக் கேட்டால், போராட்டத்தின் ஒற்றுமை கெடும் என்று ஒரு குரல் எழும். 1968 இலும் அதே குரல் எழுந்தது. காணிக்காக நாம் நடத்தும் இயக்கத்தின் மனுவில் உறுதி உள்ளவனின் பெயர் மட்டும் இருந்தால், உறுதி இல்லாதவன் எமது ஊர்வலத்துக்கு வருவானா? வராதவிடத்து அவனை யார் அழைத்துச் செல்வார்கள் என்பதையும் கட்சிக்காரர் சிந்திக்க வேண்டும். மனுவில் விடுபட்டவனை எமக்கு முதலிற் காட்டக்கூடியது ஒரு கதையாக இருக்கலாம். அக்கதையைக் கண்டெடுத்து, இது நன்றாக எழுதப்பட்டுள்ளது, இவ்விடத்தில் தளர்கிறது, ஆனால் இதைப் படியாமல் காணிப் பிரச்சினையைப் பேசாதீர்கள் என்று எமக்குச் சொல்ல ஒரு விமர்சகன் வேண்டும். அவன் எமது கட்சிக்காரனாக இருக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. எமது மனுவைக் கிழித்தெறிந்து திருத்தி எழுதச் சொல்லக்கூடியவனாக இருந்தாற் போதும்.

ஆகையால் இவ்வாசகர் கூட்டத்துக்கு ஒரு வேலையை முன்வைக்கிறோம். அடுத்த மூன்று மாதங்களில் 'பஞ்சம'ரையும் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யையும் மஹாகவியின் கவிதைகளையும் படிப்போம். ஆசிரியரின் கட்சியைப் பற்றி முதல் அரைமணி நேரம் எவரும் பேசலாகாது. நூலிற் கண்டதை மட்டும் பேச வேண்டும். நான்காம் மாதத்தில், முகாம்களில் வாழ்ந்தவர்களை அழைத்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே, ஒரு சொல்லையும் திருத்தாமல், எழுதிக்கொள்வோம். எழுதுவதற்குப் பாடசாலை ஆசிரியர்கள் நால்வர் முன்வந்திருக்கின்றனர். இன்னும் இருவர் தேவை. கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

இனி வினாக்கள். பின்வரிசையில் இருப்போர் முதலிற் கேட்கட்டும். சட்டத்துறை நண்பர்கள் சற்றே பொறுத்திருப்பார்களாக.